நேர்கோட்டில் 184 கிலோமீட்டர்: திருச்சி–யாழ்ப்பாணம் விமானத்தில் தவிலோடு

கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் ஊரிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் 3 மணி நேரம். திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இதை எழுதிவிட்டு இரண்டு தடவை திரும்பப் படித்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

நான் தவில்காரன். முப்பது வருஷத்துக்கு மேலாக வாசிக்கிறேன். எழுத்து என் வேலை இல்லை. ஆனாலும் இந்தப் பயணத்தைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதியிருந்தால் எனக்கு உபயோகமாக இருந்திருக்கும். தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் இரண்டு ஊர் பெயரைப் போட்டால் தூரத்தையும் நேரத்தையும் சொல்லும் இணையதளங்கள்தான். அந்தக் கூத்தைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் செட்டில் ஐந்து பேர். நாயனம் (நாதஸ்வரம்) இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. யாழ்ப்பாணத்தில் இணுவில் பக்கத்தில் ஒரு அம்மன் கோயிலில், 2025-ல், ஆடிப்பூரத்தை ஒட்டிப் பத்து நாள் திருவிழா. இணுவில், அளவெட்டி என்பதெல்லாம் எங்கள் தொழிலில் திருவாரூர், திருவிடைமருதூர் மாதிரிப் பேர்போன ஊர்கள். அங்கே வாசிக்கப் போகிறோம் என்றால் தெருவில் ஒரு மரியாதை உண்டு. கேட்கிறவர்களுக்குத் தாளக் கணக்குத் தெரியும், தப்பு விட்டால் முகத்தில் காட்டிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு.

இது எனக்கு மூன்றாவது பயணம். முதல் இரண்டையும் சொன்னால்தான் மூன்றாவதை நான் ஏன் இப்படிக் கொண்டாடுகிறேன் என்று புரியும்.

2018-ல் போனது கொழும்பு வழியாக. திருச்சியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் 417 கிலோமீட்டர். அங்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, ராத்திரி பஸ் பிடித்து, மறுபடி வடக்கே சுமார் 400 கிலோமீட்டர். அதாவது 184 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு 800 கிலோமீட்டர் சுற்றினோம். பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டியவன் ஊர் எல்லை வரை போய்த் திரும்பி வந்த கதை. போதாக்குறைக்கு, பஸ்ஸின் அடிப்பகுதியில் யாரோ என் தவில் மேல் ஒரு லாரி டயரைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். காலையில் யாழ்ப்பாணத்தில் பையைத் திறந்தால் வலந்தலைத் தோலில், அதாவது வலது கை விரலால் வாசிக்கும் பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். அந்தத் திருவிழா முழுக்க இணுவிலில் இரவல் வாங்கிய தவிலில்தான் வாசித்தேன். தங்கமான மனிதர், நல்ல தவில். ஆனாலும் அடுத்தவர் தவிலில் வாசிப்பது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பது மாதிரி.

இரண்டாவது பயணம் 2023-ல், சென்னை வழியாக. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அடுத்த மாதமே சென்னையிலிருந்து விமானம் வந்தது. பிறகு கொரோனாவில் எல்லாம் நின்று, 2022 டிசம்பரில்தான் மறுபடி ஆரம்பித்தார்கள். நாங்கள் ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வடக்கே சென்னைக்குப் போனோம். காலையில் விமானம் எங்களைத் தூக்கிக்கொண்டு மறுபடி தெற்கே திரும்பியது. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே 354 கிலோமீட்டர். கிட்டத்தட்ட நேர் தெற்கு. நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே கடல் மேல் பறக்கும்போது எங்கள் நாயனக்கார அண்ணன் வலது பக்க ஜன்னலைக் காட்டி, "அந்தப் பக்கம் ஒரு எழுபது கிலோமீட்டர்ல நம்ம வீடு இருக்கு. ராத்திரி பூரா ரயில்ல வந்து இப்ப வீட்டைத் தாண்டிப் போய்க்கிட்டிருக்கோம்" என்றார். சிரிப்பாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

திருச்சியிலிருந்தே நேர் விமானம் 2025 மார்ச் 30-ல் ஆரம்பித்தது. இண்டிகோ. அது எனக்குத் தெரியும், பேப்பரில் படித்திருந்தேன். ஆனால் டிக்கெட் விசாரிக்கப் போன டிராவல்ஸ்காரர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "திருச்சியிலேருந்து சென்னை, சென்னையிலேருந்து ஜாஃப்னா. மொத்தம் எட்டு மணி நேரம் காட்டுது சார்" என்றார். நேர் விமானம் இருக்கிறதே என்றேன். "அப்படி எதுவும் இல்லையே, உங்களுக்கு யார் சொன்னா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். திருச்சியிலிருந்து சென்னை வான்வழியில் 290 கிலோமீட்டர் சொச்சம். தென்கிழக்கே போக வேண்டியவன் வடகிழக்கே அவ்வளவு தூரம் போய்த் திரும்ப வேண்டும். நான் எழுந்து வந்துவிட்டேன். விசாவையும் டிக்கெட்டையும் கடைசியில் கோயில்காரர்களே அங்கிருந்து பார்த்துக்கொண்டார்கள். செலவும் அவர்களுடையது. அதனால் விலையைப் பற்றி நான் வாய் திறக்கப் போவதில்லை. கூடுதல் எடைக்கு முன்கூட்டியே பணம் கட்டச் சொன்னதும் அவர்கள்தான். அது நல்ல யோசனை.

இப்போது அந்த இணையதளக் கூத்து. என் அக்கா மகன் கம்ப்யூட்டர் படித்தவன். கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டுக்கு வந்தவன் செல்லை நீட்டி, "மாமா, திருச்சியிலேருந்து யாழ்ப்பாணம் பதினாலே நிமிஷம்" என்றான். பதினாலு நிமிஷத்தில் திருவிழாவில் ஒரு ராகத்தையே முழுசாக வாசிக்க முடியாது. இன்னொரு தளம் 44 நிமிஷம் என்றது. ஒரே தூரம்தான், இரண்டிலும் 184 கிலோமீட்டர்தான். பிறகு எப்படி மூன்று மடங்கு வித்தியாசம் என்று அவனையே உட்கார வைத்துக் கேட்டேன்.

விஷயம் இவ்வளவுதான். அந்தத் தளங்கள் விமானத்தைப் பார்ப்பதே இல்லை. இரண்டு ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, உருண்டையான பூமி மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்த மாதிரி தூரத்தைக் கணக்குப் போடுகின்றன. அது சரியான கணக்கு. அதற்குப் பிறகு செய்வதுதான் வம்பு. எல்லா விமானமும் மணிக்கு 800 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்துக்கொண்டு வகுக்கின்றன. 184-ஐ 800-ஆல் வகுத்தால் 14 நிமிஷம். இரண்டாவது தளம் கொஞ்சம் விவரமானது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் என்று அரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்கிறது. 14-உம் 30-உம் 44.

சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். திருச்சி–யாழ்ப்பாணத்துக்கு வருவது ஜெட் இல்லை. ஏடிஆர் 72 என்ற சுழலி விமானம், எங்கள் ஊர் பாஷையில் ஃபேன் வெச்ச பிளேன். அது முட்டி மோதிப் பறந்தாலும் மணிக்கு 500 கிலோமீட்டர்தான். அதுவும் நடுவானில் மட்டும். 184 கிலோமீட்டரில் நடுவானம் எங்கே இருக்கிறது? ஏறி முடித்ததும் இறங்க வேண்டியதுதான். போதாததற்கு விமானம் நூல் பிடித்த மாதிரியும் போவதில்லை. ஓடுபாதை எந்தத் திசையில் இருக்கிறதோ அந்தத் திசையில் கிளம்பி, வளைந்து, இறங்கும் ஊரில் மறுபடி ஓடுபாதைக்கு நேராக வளைந்து வர வேண்டும்.

டிக்கெட்டில் போட்டிருந்த நேரம் ஒரு மணி. நான் என் பழைய எச்எம்டி வாட்சில் பார்த்தேன். சக்கரம் திருச்சித் தரையை விட்டதிலிருந்து பலாலித் தரையைத் தொட்டது வரை 41 நிமிஷம். 44 என்று சொன்ன தளம் தப்பான கணக்குப் போட்டு ஏறக்குறைய சரியான விடைக்கு வந்திருக்கிறது. எங்கள் தொழிலிலும் இது நடக்கும். நடுவில் அட்சரத்தை, அதாவது தாள எண்ணிக்கையை, விட்டுவிட்டுத் தீர்மானம் என்கிற முடிப்பில் மட்டும் சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், சரியாக வந்து விழுகிறவன் உண்டு. கூட்டம் கை தட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியும்.

வீட்டுப் படி இறங்கியதிலிருந்து கோயில் வாசலில் செருப்பைக் கழற்றியது வரை எட்டரை மணி நேரம் ஆனது. அதில் ஆகாயத்தில் இருந்தது அந்த 41 நிமிஷம். மீதி எல்லாம் தஞ்சாவூர் ரோடு, வரிசை, சீல், வரிசை. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாலேயே வரச் சொல்கிறார்கள். 41 நிமிஷப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் காத்திருப்பது, சாப்பாடு போடாத பந்தியில் இலை போட்டு உட்கார வைப்பது மாதிரி இருந்தாலும், வாத்தியத்தோடு போகிறவர்கள் அந்த நேரத்தைக் குறைக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

திருச்சி விமான நிலையத்தின் புது முனையம் 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்தது. பெரியது, குளிர்ச்சியானது, சுவரெல்லாம் கோயில் ஓவியம். பழைய கட்டடத்தில் சிங்கப்பூர் விமானக் கூட்டத்தோடு இடிபட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அங்கே ஒரு கவுன்டரில் என் தவிலை வைத்தேன். பையோடு பதினாறரை கிலோ. அந்தப் பெண் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "உள்ள என்ன சார், ட்ரம்ஸா?" என்றாள்.

"தவில்மா."

"ஓ, கல்யாணத்துல வாசிப்பாங்களே! என் கல்யாணத்துக்கு அதுதான் சார் போட்டாங்க. ரெக்கார்டு."

என் பின்னால் நின்ற தம்பி, இரண்டாவது தவில், ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை பாவம், உடையக்கூடிய பொருள் என்ற சிவப்பு ஸ்டிக்கரைத் தானே எடுத்து வந்து வலந்தலைப் பக்கம் ஒன்று, குச்சியால் வாசிக்கும் தொப்பிப் பக்கம் ஒன்று, பையின் நடுவில் ஒன்று என்று மூன்று இடத்தில் ஒட்டினாள். பெல்ட்டில் விடாமல் தனியாக ஆளைக் கூப்பிட்டுத் தூக்கிக் கொண்டுபோகச் சொன்னாள். இண்டிகோவுக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அந்தப் பிள்ளைக்கு.

தவில்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. போல்ட்டை எல்லாம் இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுப் பையில் போடுங்கள். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொள்ளாதீர்கள், தவிலோடேயே போட்டுவிடுங்கள். வலது கை விரல்களில் மாட்டி வாசிக்கிற விரல் கூட்டை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். அது தொலைந்தால் மறுபடி செய்து, பசை காய்ந்து, விரலுக்குப் பழக நாள் பிடிக்கும்.

அந்த விரல் கூட்டால்தான் பாதுகாப்புச் சோதனையில் பதினைந்து நிமிஷம் போனது. நான் அதை ஒரு பழைய பல்பொடி டப்பாவில் வைத்திருக்கிறேன். துணியையும் மாவுப் பசையையும் சுற்றிச் சுற்றிக் கட்டியது, வெள்ளையாக, கல் மாதிரி இருக்கும். எக்ஸ்ரேயில் அவர்களுக்கு என்ன தெரிந்ததோ, டப்பாவைத் திறக்கச் சொன்னார்கள். வடக்கத்தி அதிகாரி. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். நான் நாலையும் விரலில் மாட்டிக்கொண்டு அந்த பிளாஸ்டிக் ட்ரேயின் மேல் "தகதரிகிட" என்று ஒரு தட்டுத் தட்டிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சிரித்து, மூடியைத் தானே போட்டுக் கொடுத்தார். அடுத்து நாயனக்கார அண்ணன். அவர் நாயனத்தை உடல் வேறு, அடியில் விரிந்திருக்கும் அணசு வேறாகக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தார். நரசிங்கம்பேட்டை வாத்தியம், ஆச்சா மரம். 2022-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அதைப் பெட்டியில் போட அவருக்கு மனசு வராது. அதில் பிரச்சினை இல்லை. ஆனால் கயிற்றில் கோர்த்துத் தொங்கவிட்ட சீவாளிகளை, நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற துண்டுகளை, பார்த்ததும், இது என்ன, இது எதற்கு, ஏன் இத்தனை என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றை வாயில் வைத்து "பீ" என்று ஊதிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். இதற்குத்தான் அந்த மூன்று மணி நேரம்.

விமானத்துக்கு வருகிறேன். 78 இருக்கை. ஏறுவது பின்கதவு வழியாக. இந்த ரக விமானத்தில் முன்பக்கம், பைலட் அறைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில், சரக்கு அறை இருக்கிறது. நான் தார்த்தரையில் நடந்து வரும்போதே என் தவில் முன்பக்கக் கதவு வழியாக உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன். பைலட்டுக்கு அடுத்தபடியாக உட்கார்ந்து வந்தது தவில்தான். நான் பதினெட்டாவது வரிசை.

அந்தப் பின்வரிசையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். ஃபேன் முன்பாதியில் இருப்பதால் பின்னால் சத்தம் குறைவு. கதவு பின்னால் என்பதால் இறங்கும்போது முதல் ஆளாக இறங்கி, குடிவரவு வரிசையில் முதலில் நிற்கலாம். தலைக்கு மேல் இருக்கும் அலமாரி சின்னது, பெரிய சூட்கேஸ் போகாது. நாயனப் பை போனது. முழங்கால் இடிக்கவில்லை, ஆனால் எனக்கு உயரம் குறைச்சல்.

எல்லோரும் இந்த விமானத்தின் சத்தத்தைக் குறை சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சத்தம்தான் இந்தப் பயணத்திலேயே பிடித்த விஷயம். ஒவ்வொரு பக்கமும் ஆறு இதழ் உள்ள ஃபேன். ஓடுபாதையில் ஓடும்போது அது ஒரு சுருதியில் அலறுகிறது. தரையை விட்டு ஏறிய கொஞ்ச நேரத்தில் சட்டென்று கீழே இறங்கி ஒரு இடத்தில் நிற்கிறது. நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. சுருதிக்கு ஒத்து ஊதுகிறவன் மூச்சு வாங்காமல் ஊதின மாதிரி ஒரே சீர். நாயனக்கார அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "அஞ்சு கட்டை" என்றார். கட்டை என்பது எங்களுக்குச் சுருதியின் அளவு. நான் நம்பவில்லை. செல்லில் இருக்கும் சுருதிப் பெட்டியைக் காதில் மாட்டி ஐந்து கட்டையை வைத்துப் பார்த்தேன். ஒரு மயிரிழை முன்னே பின்னே, அவ்வளவுதான். எங்கள் நாயனம் இரண்டரைக் கட்டை. "பஞ்சமத்துக்கு வந்திருந்தா உள்ளயே ஒரு ஆலாபனை போட்டிருப்பேன்" என்று அலுத்துக்கொண்டார்.

இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலும் கீழே மறைப்பு இல்லை. ரொம்ப உயரமும் போவதில்லை, மேகம் இல்லாவிட்டால் வரப்பு தெரிகிறது. வரைபடத்தில் திருச்சிக்கும் பலாலிக்கும் கோடு போட்டால் அது புதுக்கோட்டைக்கு வடக்காக வந்து, பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவே புகுந்து, மல்லிப்பட்டினம் பக்கத்தில் கடலில் இறங்கும். அந்தப் பகுதியில் நான் வாசிக்காத கோயில் இல்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் தென்னை. 2018 கஜா புயலில் அந்தத் தோப்புகள் சீப்பு விழுந்த மாதிரி வரிசையாகச் சாய்ந்து கிடந்ததை நான் தரையிலிருந்து பார்த்தவன். இப்போது மேலிருந்து பார்க்கும்போது பெரிய மரம் கரும்பச்சையாகவும், பிறகு வைத்த கன்றுகள் வெளிர்பச்சையாகவும் திட்டுத் திட்டாகத் தெரிகின்றன.

பிறகு கடல். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், நிறமே வேறு. கரையோரம் சேறு கலந்த காப்பி, அடுத்து பச்சை, நடுவில்தான் கொஞ்சம் நீலம். இடது பக்கம் உட்கார்ந்தால் தூரத்தில் கோடியக்கரை மூக்கு தெரியும். அந்த மூக்கிலிருந்து யாழ்ப்பாணக் கரையில் இருக்கும் காங்கேசன்துறை வெறும் 55 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரம். தண்ணீரும் தாம்பூலத் தட்டும் வரும் முன்னே கடல் முடிந்துவிட்டது. (தாம்பூலம் கிடையாது, தண்ணீர் உண்டு.)

முதலில் தெரிவது பனை. தஞ்சாவூர்க்காரன் கண்ணுக்குப் பச்சை என்றால் நெல், தென்னை. அங்கே பனையும் செம்மண்ணும். சின்னச் சின்னப் பாத்தியாகப் புகையிலை, வெங்காயம், வாழை. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கிணறு. பாடம் செய்து வைத்த தோல் மாதிரி மண் சிவப்பு. விமானம் தரை தொடுவதும் பிரேக் பிடிப்பதும் ஒன்றாக நடக்கிறது. ஓடுபாதை நீளம் குறைவு. பெரிய ஜெட் வராமல் ஏடிஆர் வருவதற்கு அதுவும் காரணம். சுற்றி ராணுவ இடம், படம் எடுக்காதீர்கள். நான் செல்லை வெளியே எடுக்கவே இல்லை.

முனையம் நம் ஊர்க் கல்யாண மண்டபம் அளவு. பெயர்ப் பலகையில் முதலில் தமிழ். யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்று படித்துவிட்டுத்தான் நடந்தேன். என் வாத்தியார் பலாலியைப் பற்றிச் சொல்வார். அவர் காலத்துப் பெரிய வித்வான்கள் டகோடா விமானத்தில் பலாலிக்கு வந்ததையும் போனதையும் ஏதோ தஞ்சாவூர் போய் வந்த மாதிரிச் சொல்வார். ஏர் சிலோன் 1947 டிசம்பரில் தன் முதல் விமானத்தை கொழும்புப் பக்கத்து ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் மதராஸுக்கு விட்டது என்று பிற்பாடு படித்தேன். எங்கள் தலைமுறைக்குத்தான் இது புதுசு. ஊருக்குப் புதுசில்லை.

வாட்சைத் திருப்பி வைக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரம்.

குடிவரவு, சுங்கம் எல்லாம் ஒரு மணி நேரம். தவில் வந்தது. அங்கேயே பையைத் திறந்து வலந்தலையைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வெளியே கோயில் தலைவர் வேனோடு நின்றார். "வாங்கோ அண்ணை, வாங்கோ. கெதியா வந்திட்டியள்" என்றார். கெதியாகத்தான் வந்தோம். இணுவில் அங்கிருந்து அரை மணி நேரம்கூட இல்லை. தேத்தண்ணி குடித்துவிட்டு, போல்ட்டை முடுக்கி, அன்று மாலைச் சாயரட்சைப் பூஜைக்கே வாசித்தோம். 2018-ல் இதே நேரத்துக்கு நான் கொழும்பில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன்.

கப்பலைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட்டார்கள். சில நாளில் நிறுத்தி, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தார்கள். கடல் வழியில் சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். எங்கள் ஊரிலிருந்து நாகப்பட்டினம் திருச்சியை விடப் பக்கம். சாமான் நிறைய உள்ளவர்களுக்கு அது தோது. என் தம்பி ஒருத்தன், திருவாரூர் பக்கத்துத் தவில்காரன், அதில் போய்விட்டு வந்து நல்லாத்தான் இருந்துச்சு என்றான். ஆனால் வடகிழக்குப் பருவமழை வந்தால் கடல் விடாது. திருவிழாத் தேதி கடலுக்குத் தெரியாது. கொடியேற்றத்தன்று காலையில் நாயனக்காரர் கரையில் நின்று அலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நான் விமானத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

டிக்கெட் போடும்போது ஒன்றைப் பாருங்கள். 2025-ல் ஆடிப்பூரம் ஜூலை 28. மறுநாளே யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் கொடியேற்றம், 25 நாள் திருவிழா. அந்தச் சமயத்தில் லண்டன், கனடா என்று எங்கெங்கோ இருக்கிற யாழ்ப்பாணத்து ஜனமெல்லாம் ஊருக்கு வரும். விமானமோ 78 பேருக்குத்தான். எங்கள் டிக்கெட் இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே போட்டது.

திரும்பும்போது 41 நிமிஷம் 52 ஆனது. அதே விமானம், அதே 184 கிலோமீட்டர். பைலட் மேல் குற்றமில்லை, ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். மேற்கேயிருந்து அடிக்கிற காற்று போகும்போது முதுகைப் பிடித்துத் தள்ளியது, வரும்போது நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. கடல் மேல் கொஞ்சம் ஆட்டம். தாளக்காரப் பையன் முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். எந்த இணையதளமும் இந்த 11 நிமிஷத்தைச் சொல்லாது. மாசியில் போகிறவனுக்கு இந்தக் கணக்கு மாறியிருக்கும்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன். அரை மார்க் குறைத்தது விமானத்துக்காக இல்லை, சாலைக்காக. திருச்சியில் இறங்கி, சாமானை எடுத்து, கார் ஏறித் தஞ்சாவூர் ரோட்டில் வந்தோம். துவாக்குடியில் ஒரு நிற்பு, அதற்கப்புறம் லாரிக்குப் பின்னால் லாரி. வல்லத்தில் டீக்கடையில் நிறுத்தியபோது கோயில் தலைவர் போன் அடித்தார்.

"அண்ணை, வீட்ட போய்ச் சேர்ந்திட்டியளோ?"

"இன்னும் இல்லைங்க. தஞ்சாவூர்கூட வரலை."

அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் சத்தமில்லை. "நான் உங்களை பிளேன் ஏத்திப்போட்டு, வீட்ட வந்து, சாப்பிட்டு, ஒரு நித்திரையும் கொண்டு எழும்பிட்டன்" என்றார்.